தடுப்பூசிச் சான்றிதழ் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முத்திரையையும் தாளையும் உற்றுப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. அச்சில் எதையும் நகலெடுத்துவிடலாம். பார்க்க வேண்டியது கியூஆர் குறியீட்டைத்தான். கொரோனா காலத்து ஐரோப்பிய ஒன்றியச் சான்றிதழில் பெயர், பிறந்த தேதி, ஊசி விவரத்தோடு வழங்கியவரின் டிஜிட்டல் கையொப்பமும் அதற்குள் இருந்தது. கையொப்பமிட, வழங்கியவரிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவி (ஒரு நீண்ட ரகசிய எண்) வேண்டும்; சரிபார்க்க, அதற்கு இணையாக எல்லோருக்கும் வெளியிடப்படும் பொதுச் சாவி போதும். விவரத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது.

சாதாரண கேமராவில் ஸ்கேன் செய்யாதீர்கள். போலிக் குறியீடு ஒரு போலி இணையதளத்தைத் திறந்து பச்சை டிக் காட்டிவிடும். அதிகாரபூர்வச் செயலிதான் சரி. அப்புறம், திரையில் வரும் பெயரை அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

வழங்கும் இடத்திலேயே தில்லுமுல்லு நடந்தால் கையொப்பமும் காப்பாற்றாது. 2021 அக்டோபரில் ஹிட்லர், மிக்கி மவுஸ் பெயர்களில்கூடச் சான்றிதழ்கள் உலவின. செயலிகள் அவற்றைச் 'செல்லும்' என்றே காட்டின! ரத்துப் பட்டியலில், அதாவது செல்லாதவை என்று அறிவிக்கப்பட்ட சான்றிதழ்களின் பட்டியலில், சேர்த்தால்தான் அவை பிடிபடும்.