ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை: பதில்

மாலை வகுப்பில் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாசிப்பு வரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்புப் பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்துவதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். உங்கள் மாலை வகுப்பில் பிள்ளைகளை வகுப்புவாரியாக உட்கார வைக்காமல், வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிரியுங்கள்.

எழுத்துக்கூட்டத் தடுமாறுகிற பிள்ளையும் சரளமாக வாசிக்கிற பிள்ளையும் ஒரே பாடத்தைக் கேட்பதுதான் வாசிப்பு வராததற்குப் பெரும்பாலும் காரணம். பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நாளைக்கே செய்து பாருங்கள்:

1. ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, சின்னக் கதை என்று வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். இந்தியக் கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய 2005 முதல் நடக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பிலும் வாசிப்பை இந்த நான்கு படிகளை வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

2. எந்தப் படியில் தடுமாறுகிறார்களோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

1995-இல் மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்த முறை இது. ஆப்பிரிக்க நாடான சாம்பியாவின் அரசுப் பள்ளிகளிலும் பின்பற்றுகிறார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வளர்ந்த பிள்ளைகள் சின்னவர்களோடு உட்காரக் கூச்சப்படுவார்கள், வராமலே நின்றுவிடவும் கூடும். குழுக்களுக்கு மேல், கீழ் என்று பெயர் வைக்காதீர்கள். அப்புறம், கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள்.