மெழுகுவர்த்தி எரிவது, பட்டாசு வெடிப்பது: எது இயற்பியல் மாற்றம், எது வேதியியல் மாற்றம்?

கேள்வி இதுதான்: மெழுகுவர்த்தி எரியும்போது இரண்டு மாற்றங்களும் நடக்கின்றன என்கிறார்கள், பட்டாசு வெடிப்பதை மட்டும் வேதியியல் மாற்றம் என்று எழுதச் சொல்கிறார்கள், ஏன்? மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுத ஆசை. புதிய பொருள் உண்டானால் வேதியியல் மாற்றம், பொருள் அதேயாக இருந்து நிலையோ வடிவமோ மட்டும் மாறினால் இயற்பியல் மாற்றம்.

"மெழுகு உருகுவது இயற்பியல் மாற்றம், திரி எரிவது வேதியியல் மாற்றம்." விடைத்தாள்களில் அடிக்கடி வரும் வரி இது. முன்பாதி சரி. பின்பாதியில்தான் சிக்கல். திரி மட்டுமே எரிவதாக இருந்தால் அது சில நொடிகளில் கருகி அணைந்துவிடும். உண்மையில் எரிபொருள் மெழுகுதான். அதுவும் கட்டி மெழுகோ உருகிய மெழுகோ அல்ல, ஆவியான மெழுகு.

நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம். சுடரின் வெப்பத்தில் மெழுகு உருகுகிறது. பாரஃபின் மெழுகுக்கு ஏறத்தாழ 50 முதல் 65 டிகிரி செல்சியஸ் போதும். ஓரத்தை மட்டும் தண்ணீரில் வைத்த துணி மேல்வரை நனைவதுபோல, உருகிய மெழுகு திரியின் நூலிழைகள் வழியே மேலே ஏறுகிறது. திரியின் நுனியில் ஆவியாகிறது. உருகுதல், ஏறுதல், ஆவியாதல் ஆகிய மூன்றிலும் பாரஃபின் பாரஃபினாகவே இருக்கிறது. மூன்றும் இயற்பியல் மாற்றங்கள்.

அதன் பிறகு அந்த ஆவி சுடருக்குள் மாறத் தொடங்குகிறது. சுடரின் நடுப்பகுதியில் வெப்பம் மிகுதி, ஆனால் ஆக்சிஜன் அவ்வளவாக எட்டாது. அங்கே மெழுகின் நீண்ட ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த) மூலக்கூறுகள் உடைந்து, நுண்ணிய கரித்துகள்கள் உருவாகின்றன. இது வேதியியல் மாற்றம். அந்தத் துகள்கள் சூடேறி ஒளிர்வதுதான் நாம் காணும் மஞ்சள் வெளிச்சம். ஒரு பொருள் சூட்டினால் ஒளிர்வது மட்டும் இயற்பியல் நிகழ்வு. சுடரின் வெளி விளிம்பை அடைந்ததும் அதே துகள்கள் ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகின்றன, மறுபடியும் வேதியியல். ஒரு விரல் உயரச் சுடருக்குள் இத்தனை முறை இந்த எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இது இன்றும் வியப்பு.

எரிவது ஆவிதான் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய உரைகளில் அழகாகக் காட்டினார். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் இருண்ட நடுப்பகுதியில் வைத்தார். மறுமுனை வழியே மெழுகு ஆவி வெளியே வந்தது. அதைப் பற்றவைக்கவும் முடிந்தது. குழாய் இல்லாமலும் பெரியவர் ஒருவர் உடனிருக்க இதைப் பார்க்கலாம். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவுடன் திரியிலிருந்து வெண்புகை எழும். ஆவியான மெழுகு குளிர்ந்து நுண்துளிகளாகி நிற்பதுதான் அது. அந்தப் புகையின் மேல்பகுதியில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே சுடர் புகை வழியே கீழிறங்கித் திரியைப் பிடித்துக்கொள்ளும்.

மெழுகு "காணாமல் போகிறது" என்று எழுதுபவர்களுக்கு ஒரு கணக்கு. மெழுகில் உள்ள ஒரு மூலக்கூறை C₂₅H₅₂ என்று எடுத்துக்கொண்டால், அது முழுமையாக எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். 25 கார்பன் டை ஆக்சைடும் 26 நீர் மூலக்கூறுகளும் கிடைக்கும். எடையில் சொன்னால், 1 கிராம் மெழுகு எரிந்தால் சுமார் 3.1 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 1.3 கிராம் நீராவியும் உண்டாகின்றன. கூடுதல் எடை முழுவதும் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன். குளிர்ந்த கண்ணாடித் தம்ளரைச் சுடருக்கு மேலே சற்று உயரத்தில் கவிழ்த்துப் பிடித்தால் உட்புறம் பனி படிவதும் இந்த நீர்தான். நீர் உருவானது வேதியியல், படிந்தது இயற்பியல்.

பட்டாசில் பெரிய வேறுபாடு ஆக்சிஜன் வரும் இடம். மெழுகுவர்த்தி அதைக் காற்றிலிருந்து எடுக்கிறது. பட்டாசு உள்ளேயே வைத்திருக்கிறது. பட்டாசில் அடைக்கும் கருமருந்து என்ற வெடிமருந்தின் மரபான கலவை எடையில் 75 சதவீதம் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், 15 சதவீதம் கரித்தூள், 10 சதவீதம் கந்தகம். வெடியுப்பு சூடேறும்போது ஆக்சிஜனைத் தருகிறது. கரியும் கந்தகமும் எரிந்து, நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களும் பொட்டாசியம் சேர்மங்களும் உருவாகின்றன. அந்தச் சேர்மங்களின் நுண்துகள்களே அடர்ந்த புகை. எல்லாமே புதிய பொருள்கள். அதனால்தான் ஒரே வரியில் விடை கேட்டால் "வேதியியல் மாற்றம்" என்பது ஏற்கத்தக்கது.

ஆனால் பட்டாசிலும் இயற்பியல் மாற்றங்கள் உண்டு. கந்தகம் சுமார் 115 டிகிரியில் உருகுகிறது, வெடியுப்பு 334 டிகிரியில். உருகினால்தான் அவை கரித்தூளோடு நெருங்கிக் கலந்து வேகமாக வினைபுரிய முடியும். மெழுகு உருகி ஏறாமல் சுடர் இல்லை என்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. திறந்த இடத்தில் குவித்த சிறிதளவு கருமருந்து குப்பென்று எரிந்து அடங்கும். இறுக்கிச் சுற்றிய காகித உறைக்குள் அடைபட்டால்தான் வாயுவின் அழுத்தம் ஏறி உறை கிழிந்து சத்தம் வரும். வாயு உருவானது வேதியியல். அது விரிவதும் உறை கிழிவதும் ஒலி பரவுவதும் இயற்பியல். கிழிந்த காகிதத்தைப் பழையபடி ஆக்க முடியாது, ஆனாலும் அது காகிதம்தான். "மீள முடியாதது எல்லாம் வேதியியல் மாற்றம்" என்ற விதியை நம்பாதீர்கள். புதிய பொருள் உண்டானதா என்பதுதான் சோதனை.

வண்ணங்களும் இப்படித்தான். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள், செம்பு நீலம். பேரியம் குளோரைடு, செம்பு குளோரைடு போன்ற ஒளிரும் மூலக்கூறுகள் சுடருக்குள் உருவாவது வேதியியல். அவற்றின் எலக்ட்ரான்கள் உயர் ஆற்றல் நிலையிலிருந்து இறங்கி ஒளியை விடுவதில் புதிய பொருள் ஏதும் இல்லை. வெப்பம் மிகுந்தால் செம்பு குளோரைடு மூலக்கூறு சிதைந்துவிடும், ஆகவேதான் நல்ல நீலம் அரிது. கம்பி மத்தாப்பின் பொறிகளோ எரிந்துகொண்டே பறக்கும் இரும்பு, அலுமினியத் துகள்கள். அவை ஆக்சைடுகளாகின்றன, நேரடியான வேதியியல் மாற்றம்.

ஆக்சிஜன் உள்ளேயே இருப்பதால், எரியத் தொடங்கிய பட்டாசை மண்ணால் மூடினாலும் அது அணையாது. வெடிக்காமல் நின்றுபோன பட்டாசின் அருகே உடனே போகக் கூடாது, திரும்பப் பற்றவைக்கவும் கூடாது. வெகுநேரம் விட்டு, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றி ஊற வையுங்கள். வெடியுப்பு தண்ணீரில் கரைந்து கரியையும் கந்தகத்தையும் விட்டுப் பிரியும். கரைவது வெறும் இயற்பியல் மாற்றம், காய்ந்தால் உப்பு திரும்பப் படியும். எங்கே, எவ்வளவு படியும் என்று சொல்ல முடியாது. ஆகவே நனைந்த பட்டாசைக் காயவைத்து ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.