குறுந்தொகை 25: உரை வேறு, நயம் வேறு

குறுந்தொகை 25-க்கு நயம் பாராட்டி இரண்டு பக்கம் எழுதியும் பாதி மதிப்பெண்தான் வந்தது என்று கேட்டிருந்தீர்கள். விடையைப் படித்தேன். முதல் பக்கம் முழுக்கப் பாட்டை எழுதிய கபிலர் பெருமை, அடுத்தது பொழிப்புரை. பாட்டு எங்கே வேலை செய்கிறது என்பதைத்தான் காணோம்.

பாட்டு மொத்தமே ஐந்தடி. தலைவன் தன்னை யாரும் அறியாமல் களவில் மணந்த அன்று வேறு யாருமில்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தோழியிடம் தலைவி புலம்புகிறாள். சாட்சி என்று இருந்தது ஒரு குருகு, அதாவது நாரை போன்ற நீர்ப்பறவை, மட்டும். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது! இருந்த ஒரே சாட்சிக்கும் கவனம் இரை மேல். தலைவனைக் 'கள்வன்' என்றவள், குருகைக் குறை சொல்லவில்லை பாருங்கள். அந்தக் கையறு நிலையை விரித்து எழுதுங்கள்.

அடுத்து, 'தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால': தினைத் தண்டு போன்ற சிறிய பசுமையான கால். இவ்வளவு பதற்றத்திலும் பறவையின் கால் வரை நினைவிருக்கிறதே, ஏன்? நாணத்தில் தலை குனிந்திருந்தாளோ என்று எனக்குத் தோன்றும். உங்களுக்கு வேறு தோன்றலாம். பாட்டிலிருந்து ஆதாரம் காட்டினால் போதும். மலைநிலப் பயிரான தினை வருவதால், மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சித் திணையையும் இங்கேயே சொல்லிவிடலாம், தனித் தலைப்பு வேண்டாம்.

எதுகை, மோனைக்கு இரண்டு வரி போதும். பள்ளியில் பழகிய அந்தப் பட்டியலைக் கல்லூரித் தாளில் நீட்டாதீர்கள். கபிலர் வரலாற்றையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு, நேரே குருகில் தொடங்குங்கள்.