கோடுகள் குறைந்தால் பயணிகள் தெரிவார்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் ஊர் பள்ளத்தூர், இப்போது சிங்கப்பூரில் படிக்கிறேன். இங்குள்ள நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிடும் பேருந்துப் பயணத் தரவில் 2025 பிப்ரவரி மாதத்துக்கானதை எடுத்து, மக்கள் எந்த நிறுத்தத்தில் ஏறி எந்த நிறுத்தத்தில் இறங்கினார்கள் என்பதைக் கறுப்புப் பின்னணியில் ஒளிரும் கோடுகளாக வரைந்தேன். பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால், இதிலிருந்து என்ன தெரிகிறது என்று பேராசிரியர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படத்தை மாற்றி வரையச் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
— பள்ளத்தூர் வாசகர்

பதில்: உங்கள் படத்தில் கண்ணை ஏமாற்றுவது கோட்டின் நீளம். தீவின் மேற்கே பூன் லேயில் 30ஆம் எண் பேருந்தில் ஏறிக் கிழக்கே பிடோக் வரை போகிற ஒருவருக்கு நீங்கள் வரைந்த கோடு, படத்தின் குறுக்கே நீண்டு கிடக்கிறது. அடுக்குமாடி வீட்டிலிருந்து இறங்கி, மூன்று நிறுத்தம் தள்ளியுள்ள எம்ஆர்டி என்னும் நகர ரயில் நிலையத்துக்குப் போகிற நூற்றுக்கணக்கானோரின் கோடோ ஒரு புள்ளியளவுக்குச் சுருங்கிவிடுகிறது. குடியிருப்பிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டு சேர்ப்பதும், மாலையில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அந்நகரப் பேருந்துகளின் முக்கியமான வேலை. அந்த வேலை உங்கள் படத்தில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கோட்டின் தடிமனைப் பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றினாலும் இது சரியாகாது. தடிமனோடு நீளமும் சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியும் பரப்பு அமைகிறது என்பதால், தொலைவாகப் போகிற சிலரே எப்போதும் பலராகத் தோன்றுவார்கள்.

ஆகவே முதலில் ஒரே ஒரு கேள்வியை வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். ‘வார நாட்களில் காலை 7 மணி முதல் 9 மணி வரை எந்தக் குடியிருப்புகளிலிருந்து எந்த நிலையங்களுக்கு ஆட்கள் சேர்கிறார்கள்?’ என்பது நல்ல கேள்வி. ‘சிங்கப்பூர் மக்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள்?’ என்பது கேள்வியே ஆகாது. அதற்கு விடை சொல்லப் போனால் எல்லாக் கோடுகளையும் வரைய வேண்டியிருக்கும், கடைசியில் கையில் மிஞ்சுவது சிக்கல் விழுந்த நூல்கண்டுதான். இந்தப் படத்தைப் பார்த்து யார் என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள் என்பதை எழுதிவைத்த பிறகே கணினியைத் திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, தரவின் ஒரே ஒரு வரியை எடுத்து நிதானமாகப் படியுங்கள். மாதம், வார நாளா அல்லது சனி, ஞாயிறு, விடுமுறை நாளா என்ற குறிப்பு, மணி, ஏறிய நிறுத்தத்தின் எண், இறங்கிய நிறுத்தத்தின் எண், மொத்தப் பயணங்கள் என்பவையே அதில் முக்கியமானவை. நிறுத்த எண்கள் ஐந்து இலக்கம் கொண்டவை. நகர மையத்தில் உள்ள பல நிறுத்தங்களின் எண் சுழியத்தில் தொடங்குகிறது. எக்செல்லில் அப்படியே திறந்தால் 01012 என்பது 1012 ஆகிவிடும். பிறகு நிறுத்தங்களின் இருப்பிடப் பட்டியலோடு இணைக்கும்போது அந்த வரி எதனோடும் பொருந்தாமல், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விடுபட்டுப் போகும். உங்கள் படத்தில் நகரின் நடுப்பகுதி மட்டும் மங்கலாக இருக்குமானால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

கடைசிக் கட்டத்தில் உள்ள ‘மொத்தம்’ ஒரு நாளைக்கு உரியது அன்று. அம்மாதத்தின் வார நாட்கள் அனைத்தையும் சேர்த்த கூட்டுத்தொகை. 2025 பிப்ரவரியில் வார நாட்கள் 20, சனியும் ஞாயிறும் சேர்ந்து 8. இரண்டு கூட்டுத்தொகைகளையும் வகுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சனி ஞாயிறுகளில் ஊரே வீட்டில் முடங்கிக் கிடந்ததாகப் படம் சொல்லும். 20ஆலும் 8ஆலும் வகுத்து, சராசரி நாளொன்றுக்கு இத்தனை பயணங்கள் என்று காட்டுங்கள்.

சராசரி எதை விழுங்குகிறது என்பதற்கு உங்கள் மாதத்திலேயே, நம் ஊர்க்காரர்களுக்கு மிக நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அந்த ஆண்டுத் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. சிங்கப்பூரில் 1968 முதல் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை இல்லை. அதனால் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து, நகரத்தார் 1859இல் எழுப்பிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் சென்ற அந்த நாளும், தரவில் இருபது வார நாட்களில் ஒன்றாகக் கரைந்துவிட்டது. அதைப் பிரித்தெடுக்க இந்தத் தரவில் வழி இல்லை. ‘இது வழக்கமான நாளின் சராசரி, திருவிழா நாளின் நெரிசலை இதில் தேட வேண்டாம்’ என்று படத்தின் அடியில் ஒரு வரி எழுதுவது உங்கள் கடமை.

இன்னொன்றையும் அங்கே குறிப்பிடுங்கள். பேருந்துக்கு ஒரு பட்டியல், ரயிலுக்கு வேறொரு பட்டியல் என்று ஆணையம் தனித்தனியே வெளியிடுகிறது. எம்ஆர்டி நிலையத்து நிறுத்தத்தில் முடிகிற பயணம் அந்த மனிதருடைய பயணத்தின் முடிவாக இருக்க வேண்டியதில்லை. அவர் அங்கிருந்து ரயிலேறி அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். ‘இவர்கள் சேரும் இடம் இது’ என்று எழுதாமல், ‘இவர்கள் பேருந்தைவிட்டு இறங்கும் இடம் இது’ என்று எழுதுங்கள்.

கேள்வி: பயணத் தரவை வட்டமாக அடுக்கி, ஊருக்கு ஊர் வண்ண நாடாக்களால் இணைக்கும் படங்களை மாணவர்கள் விரும்பி வரைகிறார்கள். அதைவிட நல்ல வடிவம் உண்டா? வண்ணங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?
— காரைக்குடிக் கல்லூரி ஆசிரியை ஒருவர்

பதில்: ஐந்தாறு இடங்கள் என்றால் நாடாப் படம் தாங்கும், அதற்கு மேல் போனால் தாங்காது. வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்னும் இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு, படத்தைப் பார்த்து அளவை மதிப்பிடுவதில் நம் கண்ணுக்கு எது எளிது, எது கடினம் என்பதை வரிசைப்படுத்தியது. ஒரே அளவுகோலின் மேல் உள்ள இடத்தை ஒப்பிடுவது எல்லாவற்றிலும் துல்லியமானது; நீளம், கோணம், பரப்பு என்று போகப் போகத் துல்லியம் குறையும்; நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவைச் சொல்வது கடைசியில் வரும். வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் நாடாக்களின் அகலத்தை ஒப்பிடச் சொல்வது, பார்ப்பவருக்கு நாம் கொடுக்கும் வீண் உழைப்பு.

எனக்குப் பிடித்த மாற்று, கட்டங்களாலான அட்டவணைப் படம். இடப்பக்கம் ஏறிய வட்டாரங்கள், மேலே இறங்கிய வட்டாரங்கள். சிங்கப்பூரைத் திட்டமிடலுக்காக 55 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அத்தனையும் வைத்தால் 3,025 கட்டங்கள் வரும். ஆட்கள் அதிகம் குடியிருக்கும் இருபது வட்டாரங்களை மட்டும் எடுத்தால் ஒரு பக்கத்தில் அடங்கும். அவற்றை அகர வரிசையில் அடுக்கக்கூடாது. மேற்கிலிருந்து கிழக்காக, அக்கம்பக்கத்து வட்டாரங்கள் அருகருகே வரும்படி அடுக்க வேண்டும். அப்படி அடுக்கிய உடனே, ஒரு வட்டாரத்துக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகிற குறும்பயணங்கள் மூலைவிட்டத்தின் மேல் அடர்த்தியாக வந்து நிற்கும். பள்ளத்தூர் வாசகரின் படத்தில் மறைந்து போனவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். இதே அட்டவணையைக் காலை, நண்பகல், மாலை, இரவு என்று நான்கு சிறு படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், காலையில் ஒரு திசையில் போன கூட்டம் மாலையில் எதிர்த்திசையில் திரும்புவதைக் குழந்தையும் கண்டுபிடிக்கும். நான்கு படங்களுக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் வைத்தால் இரவு 11 மணியும் காலை 8 மணியும் ஒரே நெரிசலாகத் தெரியும்.

கட்டத்தின் அடர்த்தியை வைத்துத் துல்லியமான எண்ணைச் சொல்ல முடியாது என்று நீங்கள் கேட்பீர்கள்; அது சரியான கேள்வி. அட்டவணை எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காட்டட்டும். எவ்வளவு என்பதற்கு, முதன்மையான பத்துப் பயண இணைகளை (ஏறிய வட்டாரமும் இறங்கிய வட்டாரமும் சேர்ந்தது ஓர் இணை) அருகிலேயே கிடைமட்டப் பட்டைகளாக எண்ணோடு கொடுத்துவிடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, ஒரே நிறம் வெளிறியதிலிருந்து அடர்த்தியாவது போதுமானது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். அவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: பேருந்துப் பயணங்களை இப்படிப் படமாக வரைவது கணினி வந்த பிறகு தோன்றிய பழக்கம்தானே?
— திருப்பத்தூர் வாசகர்

பதில்: கணினிக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. அயர்லாந்தில் எந்தெந்த வழியில் ரயில் பாதை போடலாம் என்று முடிவு செய்வதற்காக ஹென்றி ஹார்னஸ் என்னும் இராணுவப் பொறியாளர் 1837இல் ஒரு வரைபடம் தயாரித்தார். பொது வண்டிகளில் எந்தத் திசையில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதைக் கோட்டின் தடிமனால் அதில் காட்டினார். 1845இல் பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் மினார், திஜோன் நகரிலிருந்து முல்ஹூஸ் வரை போடவிருந்த ரயில் பாதைக்காக, அந்தப் பகுதிச் சாலைகளில் பொது வண்டிகளில் சென்ற பயணிகளைப் பட்டைகளாக வரைந்தார். இருவருக்கும் முன்னால் ‘பாதையை எங்கே போடுவது?’ என்ற ஒரே கேள்வி இருந்தது. மினார் பிற்காலப் படங்களில் பட்டைகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காக நாடுகளின் கரையோரங்களையே நகர்த்தி வரைந்தவர். நிலப்படத்தின் துல்லியத்தைவிடப் பயணத்தின் அளவு தெரிவது அவருக்கு முக்கியமாக இருந்தது. இன்று மாற்றி வரைய உட்காருகிற எவரும் அந்தத் துணிவைக் கடன் வாங்கலாம்.

கேள்வி: சிங்கப்பூரில் அட்டையைத் தட்டி ஏறுகிறார்கள், தட்டி இறங்குகிறார்கள்; தரவு தானாகச் சேர்கிறது. நம் காரைக்குடி நகரப் பேருந்துகளுக்கு இப்படியெல்லாம் வரைய முடியுமா? என் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்து பார்க்க ஆசை.
— கோட்டையூர் ஆசிரியர் ஒருவர்

பதில்: முடியும், ஆனால் நம் தரவில் யார் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே கட்டணம் தொலைவைப் பொறுத்தது என்பதால் இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டியிருக்கிறது. இங்கே நடத்துநரின் கையிலுள்ள டிக்கெட் மெஷினில் ஏறும் ஸ்டேஜும் இறங்கும் ஸ்டேஜும் பதிவாகின்றன. இரண்டு ஸ்டேஜுக்கு நடுவில் கைகாட்டி ஏறியவரும் முந்தைய ஸ்டேஜின் கணக்கில்தான் வருவார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணச்சீட்டு கொடுக்கப்படுவதால், பெண்களின் பயணம் தனியாகக் கணக்கில் ஏறுகிறது. படம் வரைகிறவர்களுக்கு இது பெரிய கொடை. கட்டணம் வாங்காத சீட்டில் இறங்குமிடம் சரியாகத்தான் பதிகிறதா என்பதை மட்டும் பேருந்தில் போய்ப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விடுபடுகிறவர்கள் உங்கள் மாணவர்களேதான். சீருடையிலோ இலவச பாஸிலோ ஏறுகிற பிள்ளைகளுக்குச் சீட்டு கொடுப்பதில்லை. டிக்கெட் மெஷினை மட்டும் நம்பிப் படம் வரைந்தால், படிக்கட்டு வரை பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வருகிற காலை எட்டரை மணிப் பேருந்து பாதி காலியாக ஓடுவதாகத் தெரியும். அதைப் பார்த்து அந்த டிரிப்பை நிறுத்தலாம் என்று ஒருவர் முடிவு எடுத்துவிடவும் கூடும். தனியார் பேருந்துகளும் மினி பஸ்களும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கணக்கில் வராதவை. எனவே உங்கள் பிள்ளைகளே நின்று எண்ணட்டும். புதிய பேருந்து நிலையம், கோட்டையூர், பள்ளத்தூர் என்று மூன்று இடங்களில் இருவர் இருவராக நிறுத்தி, ஒவ்வொரு பேருந்துக்கும் வந்த நேரம், ஏறியவர், இறங்கியவர், அவர்களில் சீருடை அணிந்தவர் என்று தாளில் கோடிட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். நேரக்காப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுவிடுவது நல்லது.

வரைவதற்கு நான் பரிந்துரைப்பது நிலப்படம் அன்று. படுக்கைவாட்டில் நேரம், செங்குத்தாக நிறுத்தங்கள். ஒவ்வொரு டிரிப்பும் ஒரு சாய்கோடு. ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் வண்டிகளின் ஓட்டத்தைக் குறிக்கும் முறை இதுதான். பிரான்சில் 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸிலிருந்து லியோன் வரையிலான ரயில்களை இப்படி வரைந்திருக்கிறார்கள். சிங்கப்பூரின் நெரிசலான வழித்தடங்களுக்கு இது கோட்டுக் காடாகிவிடும். பேருந்துகள் இடைவெளி விட்டு வருகிற நம் பகுதிக்கோ இதைவிடப் பொருத்தமான படம் இல்லை, ஏனெனில் நம் மக்களின் துயரம் நெரிசலைவிட, இரண்டு கோடுகளுக்கு நடுவே வெள்ளையாகக் கிடக்கும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கோட்டின் தடிமனில் பயணிகளின் எண்ணிக்கையையும் ஏற்றிவிட்டால், காத்திருந்த கூட்டம் முழுவதும் இடைவெளிக்குப் பிறகு வருகிற பேருந்தில் ஏறுவது அப்படியே தெரியும். குன்றக்குடிப் பங்குனி உத்திரம், பிள்ளையார்பட்டி விநாயகர் சதுர்த்தி போன்ற நாட்களை வழக்கமான நாளோடு கலந்துவிடாமல் தனித் தாளில் வரையுங்கள்.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். பெரிய நகரத்தில் ஒருவர் கூட்டத்தில் மறைந்துவிடுவார். நம் கிராமங்களில் அப்படி மறைய முடியாது. அதிகாலை ஐந்து மணிப் பேருந்தில் ஒரு நிறுத்தத்தில் தினமும் ஒரே ஒரு பெண் ஏறுகிறார் என்று படம் காட்டினால், அவர் யார் என்பதும் அந்த நேரத்தில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும். ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள எண்களைப் பக்கத்து நிறுத்தத்தோடு சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் எண்ணிய மூலத் தாள்களைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் பேருந்து நிலையத்தில் ஒட்டுங்கள்.