பாதி ஜேசானும் ஒட்டிய ஜேசானும்: பதில்

பைத்தானில் சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) வழியாக ரெசீவ் 1024 போட்டு ஜேசான் (தரவை எழுத்தாக எழுதும் வடிவம்) செய்திகளை வாங்குகிறீர்கள். லோக்கலில் ஓடியது, சர்வரில் பாதியாகவோ இரண்டு ஒட்டியோ வருகிறது என்கிறீர்கள். நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. டிசிபி (தரவைக் கொண்டுசெல்லும் நெட்வொர்க் நெறிமுறை) வெறும் பைட் ஓட்டம், செய்தி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. எத்தனை குடம் ஊற்றினார்கள் என்று குழாய்க்குத் தெரியாது. நீங்கள் ஒருமுறை சென்ட் செய்தது மறுமுனையில் மூன்று ரெசீவாக வரலாம். 1024 என்பதும் உச்ச அளவுதான், அவ்வளவும் வரும் என்ற உறுதி இல்லை.

அனுப்பும்போது நடுவில் ஸ்லீப் (சிறிது நேரம் காத்திருக்கச் செய்யும் கட்டளை) போடுவதை தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது பிழையை மறைக்கும், தீர்க்காது.

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில், பிக் எண்டியனில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) அனுப்புங்கள். வாங்கும் பக்கம் முதலில் அந்த 4 பைட் முழுதாகச் சேரும்வரை லூப்பில் படியுங்கள் (அதுவும் துண்டாக வரலாம், பலர் கோட்டைவிடும் இடம்), பிறகு அத்தனை பைட். ரெசீவ் காலியாகத் திரும்பினால் எதிர்முனை மூடிவிட்டது, லூப்பை விட்டு வெளியேறுங்கள். அனுப்ப சென்ட்ஆல் போடுங்கள், அது எல்லா பைட்டும் போகும்வரை அனுப்பும்.

உங்கள் செய்தியில் தமிழ் இருப்பதால் இன்னொன்று: யுடிஎஃப்-8-இல் (எழுத்தை பைட்டாக்கும் முறை) 'கி' 6 பைட். என்கோட் செய்தபின் (அதாவது பைட்டாக மாற்றியபின்) நீளம் எண்ணுங்கள். முழுச் செய்தியும் சேர்ந்தபின் டிகோட் செய்யுங்கள். நீளத்துக்கு ஒரு வரம்பும் வையுங்கள், 1 எம்பி போதும். இல்லையென்றால் யாரோ 4 ஜிபி என்று அனுப்பி மெமரியை நிரப்பிவிடலாம்.