அப்பா குடிப்பதற்கு நீ காரணம் அல்ல: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

நீலகிரி மாவட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் மனநல ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். தன்பாலீர்ப்புள்ள, அதாவது தம் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு கொண்ட பிள்ளைகள் பள்ளியில் படும் பாட்டையும், அதே பிள்ளைகளின் வீட்டுக்குள் நடப்பதையும் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். எழுதியவர் மாணவராக இருந்தாலும் தாயாக இருந்தாலும், பெரும்பாலோர் பிள்ளையின் ஈர்ப்பையும் வீட்டுச் சண்டையையும் ஒன்றுக்கொன்று காரணமாகவே பார்க்கிறார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடப்படும் இந்த முடிச்சை அவிழ்ப்பதே என் முதல் வேலை. எழுதியவர்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (11-ஆம் வகுப்பு மாணவர், மஞ்சூர் பக்கம்): அண்ணா, நாங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். என் நடையையும் பேச்சையும் வைத்து வகுப்பில் என்னை ‘ஒன்பது’ என்று கூப்பிடுகிறார்கள். நான் இல்லாத நேரத்தில் என் நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில் 9 என்று எழுதி வைக்கிறார்கள். வீட்டில் அப்பா குடித்துவிட்டு, “இப்படி ஒன்றைப் பெற்று வைத்திருக்கிறாயே” என்று சொல்லியே அம்மாவை அடிக்கிறார். எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. நான் மாறிவிட்டால் வீடு சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது, தம்பி. அப்பா எப்போது குடிக்கத் தொடங்கினார் என்று அம்மாவிடம் ஒரு முறை கேட்டுப் பார். நான் அறிந்த பல வீடுகளில் அந்தக் கதை பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொடங்கியிருக்கிறது. அடிக்கிறவருக்கு ஒரு சாக்கு வேண்டும். குழம்பில் உப்பு கூடினாலும், தோட்டத்தில் மேஸ்திரி ஏசினாலும், அன்றைக்கு நீ கண்ணில் பட்டாலும் அவருக்கு ஒன்றுதான். நீ நடையை மாற்றிக்கொண்டால் அவர் வேறொரு சாக்கைத் தேடிக்கொள்வார். நீயோ உன்னையே ஒளித்துக்கொண்டு வாழப் பழகியிருப்பாய்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கடைசிப் பக்கங்களைக் கிழித்து எறியாதே. ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதியைக் குறித்து வை. தேதி வாரியாக யார் என்ன செய்தார்கள், அருகில் யார் இருந்தார்கள் என்று எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள். உன் ஈர்ப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் எழுத வேண்டியதில்லை. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நீ நம்பும் ஓர் ஆசிரியரை உடன் அழைத்துக்கொள். பள்ளியில் அசைவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணிலும் நீயே பேசலாம்.

வீட்டில் சண்டை தொடங்கும்போது நடுவில் போய் நிற்காதே. இதை நான் மிகவும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் இருக்கிறது. சத்தம் அவர்களுக்குக் கேட்காமல் இருக்காது. அவர்களில் நல்லவரான ஓர் அக்காவிடம் பகலிலேயே பேசி வை. ஸ்வெட்டர், மதிப்பெண் சான்றிதழ், ஆதார் நகல் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு அவர் வீட்டில் வைத்துவிட்டால், குளிரில் வெறும் சட்டையோடு வெளியே நிற்கும் நிலை உனக்கு வராது. அம்மாவுக்குக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. 181 என்ற எண்ணில் அவர் பேசலாம். “வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்” என்று அவர் பயந்தால், அந்தச் சட்டம் மனைவிக்குக் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது என்று சொல். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை அம்மாவின் பெயரில் இருந்தால், அந்த வீடே அவருடைய வேலைக்காகக் கொடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம்; அதையும் விசாரிக்கச் சொல்.

கேள்வி (ஒரு தாய், கோத்தகிரி): என் மகனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவன் அப்பா எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது 19 வயது. தனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்று சென்ற மாதம் சொன்னான். அப்பா இல்லாமல் வளர்த்ததால்தான் இப்படி ஆனானா? கோயம்புத்தூரில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது என்று அண்ணன் சொல்கிறார். சீக்கிரம் பெண் பார்த்துவிட்டால் சரியாகும் என்கிறார் நாத்தனார்.

பதில்: அம்மா, உங்கள் வளர்ப்பில் குறையில்லை. அப்பா இல்லாத வீடுகளில் வளர்ந்த எத்தனையோ ஆண்கள் பெண்களை விரும்பி மணந்து வாழ்கிறார்கள். தாய் தந்தை இருவரும் அன்பாக இருந்த வீட்டிலும் தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நோயே இல்லாதபோது சிகிச்சை எதற்கு? ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. அத்தகைய சிகிச்சை மருத்துவத் தொழில் ஒழுங்கை மீறுவதாகும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்கு முழுமையாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அவகாசம் தேவைப்பட்டபோது, ஒரே மாதத்தில் உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

திருமணத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: செய்யாதீர்கள். கணவனின் அன்பு கிடைக்காத வாழ்க்கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அதை இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்க உங்களுக்கு மனம் வராது. பையன் முதலில் உங்களிடம்தான் வந்து சொல்லியிருக்கிறான். இன்று இரவு அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுத்துவிட்டு, “சாப்பிட்டாயா?” என்று வழக்கம்போலக் கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

கேள்வி (12-ஆம் வகுப்பு மாணவர், குன்னூர்): வீட்டில் இப்போதே சொல்லிவிட்டால் மனப்பாரம் குறையுமா?

பதில்: படிப்புச் செலவும் சோறும் அவர்கள் கையில் இருக்கும்வரை, அவர்கள் கோபப்பட்டால் எங்கே போய்த் தங்குவாய் என்பதற்கு உறுதியான பதில் இல்லாமல் சொல்ல வேண்டாம். சொல்லாமல் இருப்பது பொய்யும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பாரத்தை இறக்கி வைக்க நம்பிக்கையான ஒருவர் போதும். அவர் வீட்டுக்கு வெளியே இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி (15 வயது, ஊர் குறிப்பிடவில்லை): பள்ளிக்குப் போகவும் பயம், வீட்டுக்குத் திரும்பவும் பயம். நான் இல்லாமல் போய்விட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று இரவில் தோன்றுகிறது.

பதில்: கண்ணே, இதை எழுதியதற்கு நன்றி. யாருக்கும் நிம்மதி வராது. அப்படித் தோன்றுவது உன் களைப்பினால். இதைப் படித்தவுடன் 14416 என்ற எண்ணை அழை. அது அரசின் டெலி மானஸ் சேவை. இரவு எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், பணம் கிடையாது. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் இங்கே எழுதிய இரண்டு வரியையே சொல். இன்று இரவு தனியறையில் படுக்காதே. பாட்டியோ தங்கையோ யாராவது இருக்கும் இடத்தில் படு. நாளைக் காலை நம்பும் ஒரு பெரியவரிடம் இதே வரிகளைக் காட்டு. உனக்கு இரண்டு பக்கமும் பயம் இருக்கிறது; அதில் ஒரு பக்கத்தையாவது குறைக்க வழி உண்டு. அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை, உன் தலையில் விழுந்தது அல்ல. எனக்கு மறுபடியும் எழுது, காத்திருக்கிறேன்.

கேள்வி (17 வயதுப் பெண், கூடலூர்): நானும் என் தோழியும் விரும்புகிறோம். தெரிந்த நாளிலிருந்து அண்ணன் அடிக்கிறான். செல்போனை வாங்கிக்கொண்டு, பள்ளிக்கும் அனுப்புவதில்லை. அத்தையின் போனிலிருந்து எழுதுகிறேன். ஓடிப்போகலாமா?

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. 18 வயது நிறையும் முன் கிளம்பினால், தேடிப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவதற்கே வாய்ப்பு அதிகம். தோழிக்கு வயது கூடுதலாக இருந்தால் போக்சோ சட்டத்தின்கீழ் அவள் மீது வழக்குப் போடவும் இடமுண்டு. ஆனால் அடிப்பதையும் பள்ளியை நிறுத்தியதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அத்தையின் போனிலிருந்தே 1098-ஐ அழைத்து அந்த இரண்டை மட்டும் சொல். குழந்தைகள் நலக் குழு விசாரிக்கும். 12-ஆம் வகுப்பை முடித்துவிடு. வயது நிறைந்த பின் நிலைமை வேறு. வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் ஒருபால் உறவை, அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவின்கீழ் குற்றமாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. பெற்றோர் பிரித்து அடைத்து வைத்திருந்த 25 வயதுப் பெண் ஒருவர், தம் தோழி தொடுத்த ஆட்கொணர்வு மனுவின் பேரில் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். விரும்பித் தேர்ந்துகொண்ட உறவும் குடும்பமே என்று அந்தத் தீர்ப்பு கூறுகிறது. உதகையிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம்.

கேள்வி (மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், உதகை): என் வகுப்பில் ஒரு பையனை ‘ஒன்பது’ என்று கேலி செய்கிறார்கள். தலையிட்டால் நானும் பேச்சுக்கு ஆளாவேன் என்று தயங்குகிறேன். அவன் பெற்றோரை அழைத்துச் சொல்லலாமா?

பதில்: அவனைக் கேட்காமல் பெற்றோரிடம் சொல்லாதீர்கள், சார். வகுப்பில் கிடைக்கும் கேலியைவிட வீட்டில் கிடைக்கும் அடி பலமாக இருக்கக்கூடும். நல்லெண்ணத்தோடு ஆசிரியர் சொன்ன ஒரு வார்த்தையால் படிப்பு நின்றுபோன பிள்ளைகளை நான் அறிவேன். வகுப்பில் பாலினம் பற்றிப் பாடம் நடத்தும்படி உங்களை யாரும் கேட்கவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்த அதே நிமிடத்தில், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் எப்படி நிறுத்துவீர்களோ அதே குரலில் நிறுத்துங்கள். அவனுக்கு முதல் பெஞ்சில் இடம் கொடுங்கள். மாலை பஸ்ஸில் எந்த இருக்கையில் உட்காருகிறான், விளையாட்டு வகுப்புக்கு எங்கே உடை மாற்றுகிறான் என்று கவனியுங்கள். ஆசிரியர் கண் படாத இடத்தில்தான் கொடுமை நடக்கிறது.

கேள்வி (34 வயது ஆண், பெங்களூரு, சொந்த ஊர் குன்னூர் அருகே): நான் யார் என்று தெரிந்து 17 வயதில் என்னைப் பெல்ட்டால் அடித்துத் துரத்தியவர் என் அப்பா. இப்போது பக்கவாதத்தில் கிடக்கிறார். அம்மா வரச் சொல்லி அழுகிறார். போகாவிட்டால் நான் கெட்ட மகனா?

பதில்: இல்லை. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும், 17 வயதுப் பையனுக்கு நடந்தது அநியாயம்தான். அவர் நோயில் விழுந்ததால் அது நியாயமாகிவிடாது. உறவினர்கள் “பழசை மறந்துவிடு” என்பார்கள். அதற்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றிய வரிகள்தான் அதிகம் என்பதால், அவருக்காகப் போக விரும்புகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் உங்களுக்கு ஏற்ற ஏற்பாட்டோடு போங்கள். இரவில் அந்த வீட்டில் தங்காமல் குன்னூரில் அறை எடுங்கள். திரும்பும் நாளை முன்பே முடிவு செய்து டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள். அப்பாவின் அறைக்குள் போவதா வேண்டாமா என்பதை அங்கே போன பிறகு முடிவு செய்யலாம். அவரைத் தூக்கி உட்கார வைப்பது போன்ற வேலைகளை அம்மா தனியாகச் செய்ய வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யும்படி அம்மாவிடம் இன்றே போனில் சொல்லலாம், பயணத்தைப் பற்றி இன்னும் முடிவெடுக்காவிட்டாலும்.