நேர்கோட்டின் சாய்வு: எதை எதனால் வகுப்பது?

கேள்வி: பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், செல்சியஸைப் பாரன்ஹீட்டாக மாற்றும் சமன்பாட்டுக்கு வரைபடம் வரைந்தாள். 20 டிகிரி செல்சியஸுக்கு 68, 30-க்கு 86, 40-க்கு 104 என்ற புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமைந்தன. ஆனால் 68-ஐ 20-ஆல் வகுத்தால் 3.4, 104-ஐ 40-ஆல் வகுத்தால் 2.6 வருகிறது. நேர்கோட்டின் சாய்வு மாறாது என்று பாடம் சொல்லும்போது, இங்கே ஏன் மாறுகிறது?

பதில்: உங்கள் மகள் கண்டுபிடித்தவை சாய்வுகள் அல்ல, அந்தந்தப் புள்ளியில் இரண்டு அளவீடுகளுக்கும் இடையே உள்ள விகிதங்கள். ஓர் அளவு எவ்வளவு மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, இரண்டாவது மாற்றத்தை முதல் மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பதே சாய்வு. செல்சியஸ் 20-லிருந்து 30-க்கு, அதாவது 10 உயரும்போது, பாரன்ஹீட் 68-லிருந்து 86-க்கு, அதாவது 18 உயர்கிறது. 18-ஐ 10-ஆல் வகுக்க 1.8. இதே கோட்டில் 20-ஐயும் 40-ஐயும் எடுத்துக்கொண்டால் 36-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும், அப்போதும் 1.8 தான்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் தெரிந்துகொள்வது நல்லது. இயல்பான காற்றழுத்தத்தில் நீர் உறையும் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸ், 32 டிகிரி பாரன்ஹீட். கொதிக்கும் வெப்பநிலை 100, 212. ஒரே இடைவெளியை ஓர் அளவுமுறை 100 பங்காகவும் மற்றது 180 பங்காகவும் பிரித்திருப்பதால், ஒவ்வொரு செல்சியஸ் டிகிரிக்கும் 1.8 பாரன்ஹீட் டிகிரி மாறுகிறது. இந்த அலகோடு சேர்த்துச் சொல்லும்போதுதான் சாய்வுக்குப் பொருள் கிடைக்கிறது.

இனி, விகிதம் ஏன் மாறியது என்று பார்ப்போம். சமன்பாடு: பாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. இதிலுள்ள 32 என்ற வெட்டுத்துண்டு (செல்சியஸ் 0 ஆக இருக்கும்போது வரும் மதிப்பு) எல்லாப் புள்ளிகளிலும் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது அது நீங்கிவிடுகிறது; கழிக்காமல் வகுக்கும்போது நீங்குவதில்லை. 32-ஐ 20-ஆல் வகுக்க 1.6, அதை 1.8-உடன் கூட்ட 3.4, 32-ஐ 40-ஆல் வகுக்க 0.8, கூட்ட 2.6. அவர் கண்ட இரண்டு எண்களும் இப்படி வந்தவையே. கோடு ஆதிப்புள்ளி (0, 0) வழியாகச் சென்றால் மட்டுமே விகிதமும் சாய்வும் ஒன்றாக இருக்கும்.

நடைமுறையிலும் இந்த வேறுபாடு முக்கியமானது. 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் பருவநிலை ஒப்பந்தம் பேசும் 1.5 டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வைப் பாரன்ஹீட்டில் சொல்ல, 1.8-ஆல் பெருக்கி 2.7 என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். 32-ஐயும் கூட்டி 34.7 என்று எழுதினால், மாற்றத்தை வெப்பநிலையாகவே கருதிவிட்டோம் என்று பொருள்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. கோடு கிடைமட்ட அச்சோடு உண்டாக்கும் கோணத்தின் டேன் (tan) மதிப்பே சாய்வு என்று பாடநூலில் படித்திருப்பார். இரண்டு அச்சுகளிலும் ஒரே அளவுத்திட்டம் இருந்தால்தான் அதை வரைபடத்தாளில் அளந்து பார்க்க முடியும். செல்சியஸ் அச்சில் 1 செ.மீ.க்கு 10 டிகிரியும், பாரன்ஹீட் அச்சில் 1 செ.மீ.க்கு 20 டிகிரியும் எடுத்திருந்தால், பாகைமானி ஏறத்தாழ 42 பாகை காட்டும். அதன் டேன் மதிப்போ 0.9. ஆகவே சாய்வைக் கோட்டின் தோற்றத்திலிருந்து அல்ல, அச்சுகளில் உள்ள எண்களிலிருந்தே கணக்கிட வேண்டும்.

பயிற்சிக்கு, சாய்வு குறை எண்ணாக வரும் ஒரு கணக்கைக் கொடுங்கள். விமானவியலில் பயன்படும் திட்ட வளிமண்டல மாதிரியில், கடல் மட்டத்திலிருந்து 2 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ், 4 கி.மீ. உயரத்தில் மைனஸ் 11 டிகிரி. விடையை வெறும் எண்ணாக விடாமல், ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6.5 டிகிரி குறைகிறது என்று முழு வாக்கியமாக அவரே எழுதட்டும்.